மாணவர் மனநிறைவு ஆய்வில் அளவைச் சொற்கள்: பொருண்மையும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடுவதற்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு 1994 ஆம் ஆண்டில் தேசியத் தர மதிப்பீடு மற்றும் ஏற்பளிப்புக் குழுவை நிறுவியது. பெங்களூரு நாகரபாவியில் தலைமையிடம் கொண்ட இத்தன்னாட்சி அமைப்பு ‘நாக்’ என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. இவ்வமைப்பு 2017 ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்திய திருத்திய மதிப்பீட்டுக் கட்டமைப்பில், மாணவரிடமிருந்து நேரடியாகப் பெறப்படும் தரவு முதன்முறையாக மதிப்பெண் பெறும் ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டது. ‘மாணவர் மனநிறைவு ஆய்வு’ என்பது அதன் பெயராகும்.

கல்வித் தரவுப் பகுப்பாய்வு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கணினியியல், புள்ளியியல், கல்வி நிருவாகம் ஆகிய துறைகளைச் சார்ந்தே அமைகின்றன. ஆனால் மனநிறைவு ஆய்வில் எண்ணாக மாறுவது மாணவர் தேர்ந்தெடுக்கும் ஒரு சொல்லாகும். அச்சொல்லின் பொருள் நிலையாக இல்லாவிடில் எண்ணும் நிலையாக இராது. இவ்வாய்வின் விடைச் சொற்களைப் பொருண்மையியல் நோக்கில் ஆராய்ந்து, அவற்றைத் தமிழாக்கும்போது எழும் சிக்கல்களையும் அவற்றுக்குரிய தீர்வுகளையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆய்வு நடைபெற்ற முறை

2.1 மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம் தன்னிடம் பயிலும் மாணவர்களின் பட்டியலை மின்னஞ்சல் முகவரி முதலிய விவரங்களுடன் அளிக்கும். நாக் அம்மாணவர்களுக்கு வினாநிரலை நேரடியாக அனுப்பும். வினாநிரலில் 21 வினாக்கள் உண்டு. முதல் 20 வினாக்களுக்கு ஐந்து விடைகள் கொடுக்கப்பட்டு, அவற்றுக்கு 4 முதல் 0 வரை எண்கள் வழங்கப்பட்டிருக்கும். 21 ஆம் வினா மாணவர் தம் சொற்களில் மூன்று கருத்துகளை எழுதுவதற்குரியது. கல்லூரியாயின் மாணவர் தொகையில் 10 விழுக்காட்டினர் அல்லது 100 பேர், பல்கலைக்கழகமாயின் 10 விழுக்காட்டினர் அல்லது 500 பேர், இவற்றுள் எது குறைவோ அத்தனை பேரேனும் விடையளித்தல் வேண்டும். விடையளித்தோர் அதனினும் குறைந்தால் இக்கூறு மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படாது.

2.2 பல்கலைக்கழகங்களுக்குரிய 1000 புள்ளிகளில் இக்கூற்றுக்கு 50 புள்ளிகள் ஒதுக்கப்பட்டன. இறுதித் தரம் நான்கு என்னும் உச்ச எண்ணைக் கொண்ட சராசரியால் குறிக்கப்பட்டது. 3.51 முதல் 4.00 வரை ஏ இரட்டைக் கூட்டல், 3.26 முதல் 3.50 வரை ஏ கூட்டல், 3.01 முதல் 3.25 வரை ஏ, 2.76 முதல் 3.00 வரை பி இரட்டைக் கூட்டல் என இத்தரங்கள் அமைந்தன. மனநிறைவு ஆய்வின் தரப்புள்ளி ஒரு முழு எண் மாறினால் இறுதிச் சராசரி 0.05 மாறும். 2.98 பெற்ற ஒரு நிறுவனத்தை இது 3.03 ஆக்கக்கூடும், அதாவது தர எழுத்தே மாறும்.

2.3 இதன் விளைவை மிகைப்படுத்துதல் கூடாது. ஒரே ஒரு வினாவில், 100 மாணவருள் 40 பேர் சொற்குழப்பத்தால் 3 என்பதற்கு மாறாக 2 எனக் குறித்தனர் எனக் கொள்வோம். அவ்வினாவின் சராசரி 0.40 குறையும், 20 வினாக்களின் சராசரி 0.02 குறையும், சராசரி அப்படியே தரப்புள்ளியாகக் கொள்ளப்படின் இறுதித் தரம் 0.001 மட்டுமே குறையும். ஆனால் இவ்வகை வினாநிரலைக் கல்லூரிகள் துறைகளை ஒப்பிடவும் தனி ஆசிரியரை மதிப்பிடவும் பயன்படுத்தும்போது ஒரு வினாவின் 0.40 வேறுபாடு பெரிய வேறுபாடாகத் தோன்றும். நிறுவனம் முழுமைக்கும் சிறிதாகும் பிழை தனியொருவருக்குப் பெரிதாகிறது என்பது இங்கு நோக்கத்தக்கது.

2.4 ஏற்பு உண்டு, இல்லை என்னும் இருநிலை முறைக்கு மாறுவதாக நாக் 2024 சனவரியில் அறிவித்தது. மதிப்பீட்டு முறை எவ்வாறு மாறினும், மாணவர் கருத்தைச் சொல்லால் கேட்டு எண்ணால் தொகுக்கும் வழக்கம் உயர்கல்வியில் நிலைத்துவிட்டது. எனவே கீழ்வரும் ஆய்வு ஒரு வினாநிரலை அடிப்படையாகக் கொண்டதாயினும் அவ்வகையைச் சார்ந்த எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

3. அளவைச் சொற்களின் பொருண்மை

3.1 ஐந்து நிலை விடைகளுக்கு எண் கொடுத்துக் கூட்டும் முறையை ரென்சிஸ் லிக்கர்ட் 1932 இல் முன்வைத்தார். எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946 இல் அளவைகளைப் பெயரளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை என நான்காகப் பகுத்தார். ‘நன்று’, ‘மிக நன்று’ போன்றவை வரிசை அளவையைச் சார்ந்தவை. அவற்றுள் எது மேல், எது கீழ் என்பது தெரியும். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு தெரியாது. ஆகவே அவற்றின் சராசரி கண்டிப்பான பொருளில் செல்லாது. நடைமுறையில் இக்கட்டுப்பாடு தளர்த்தப்படுகிறது. எனினும் வரிசையாவது ஐயமின்றி இருத்தல் வேண்டும் என்பதே குறைந்த அளவு நிபந்தனை. அவ்வரிசையைத் தருவது மொழியாகும்.

3.2 எட்வர்ட் சப்பீரின் 1944 இல் வெளிவந்த தரப்படுத்தல் பற்றிய கட்டுரை, எண்ணுதலுக்கும் அளத்தலுக்கும் முன்னரே மனத்தில் ஒப்பிடுதல் நிகழ்கிறது என விளக்கியது. ‘பெரிது’, ‘நல்லது’ என்பன ஏதோ ஒன்றை விடப் பெரிது, ஏதோ ஒன்றை விட நல்லது என்றே பொருள்படும். லாரன்ஸ் ஹார்ன் 1972 இல் தம் முனைவர் பட்ட ஆய்வில், ‘சில’ என்னும் சொல் ‘எல்லாம் அல்ல’ என்னும் குறிப்புப் பொருளைத் தருவதை விளக்கினார். ‘சில வேளைகளில்’ என்பது ‘எப்போதும் அன்று’ என்பதைக் குறிப்பால் உணர்த்தும். நேரடிப் பொருளாகக் கூறாது. இவ்விரு கருத்துகளும் மேற்கூறிய வினாநிரலை ஆராயத் துணைபுரிகின்றன.

3.3 மூன்றாம் வினா, ஆசிரியர்களால் எவ்வளவு நன்றாகக் கருத்தை உணர்த்த முடிந்தது எனக் கேட்கிறது. விடைகள் வருமாறு: எப்போதும் பயனுற (4), சில வேளைகளில் பயனுற (3), போதிய அளவில் மட்டும் (2), பொதுவாகப் பயனின்றி (1), மிகக் குறைவான உணர்த்துதிறன் (0). இங்கு 4, 3, 1 என்பன எத்தனை முறை என்பதைக் கூறுகின்றன; 2, 0 என்பன எவ்வளவு தரம் என்பதைக் கூறுகின்றன. எந்நாளும் ஒரே சீராகப் போதிய அளவில் பாடம் நடத்தும் ஆசிரியரும், வாரத்தில் ஒரு நாள் மட்டும் சிறப்பாக நடத்தும் ஆசிரியரும் இவ்வளவையில் முறையே 2, 3 பெறுவர். முன்னவரே மேல் எனக் கருதும் மாணவருக்குத் தம் கருத்தைத் தெரிவிக்க இடமில்லை.

3.4 இரண்டாம் வினா ஆசிரியரின் ஆயத்தத்தைப் பற்றியது. அதில் ‘குறைவாக’ என்னும் பொருள் தரும் விடைக்கு 2 எனவும், ‘அக்கறையின்றி’ என்னும் பொருள் தரும் விடைக்கு 1 எனவும் எண்கள் உள்ளன. முன்னது ஆயத்தத்தின் அளவு. பின்னது ஆசிரியரின் மனப்பான்மை. அக்கறையுள்ள ஆசிரியரும் குறைவாக ஆயத்தம் செய்திருக்கலாம். இருவேறு பண்புகள் ஒரே கோட்டில் வைக்கப்பட்டுள்ளன.

3.5 ஐந்தாம் வினா அகமதிப்பீட்டின் நேர்மையைப் பற்றியது. ‘பெரும்பாலும் நியாயமானது’ என்பதற்கு 3 எனவும், ‘சில வேளைகளில் நியாயமற்றது’ என்பதற்கு 2 எனவும் குறிக்கப்பட்டுள்ளன. பத்துத் தேர்வுகளில் எட்டு நியாயமாகவும் இரண்டு நியாயமின்றியும் மதிப்பிடப்பட்டால் இவ்விரு விடைகளும் ஒருங்கே உண்மையாகும். மாணவர் இங்கு இருவேறு அளவுகளுக்கிடையே தேர்வு செய்வதில்லை. ஒரே நிலையின் எந்தப் பக்கத்தைச் சொல்வது எனத் தேர்வு செய்கிறார். குறை கூறத் தயங்கும் மாணவர் 3 என்பார். தயங்காதவர் 2 என்பார். இவ்வெண் ஆசிரியரின் நேர்மையை விடவும் மாணவரின் துணிவையே அளந்துவிடக்கூடும்.

3.6 நான்காம் வினாவில் ‘ஃபேர்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘நன்று’ என்பதற்குக் கீழே, 1 என்னும் எண்ணுடன் இடம்பெறுகிறது. அடுத்துவரும் ஐந்தாம் வினாவில் அதே சொல் ‘நியாயமான’ என்னும் பொருளில் ‘எப்போதும்’ என்னும் அடையுடன் சேர்ந்து 4 என்னும் உச்ச எண்ணைப் பெறுகிறது. ஆங்கிலத்தில் இது பலபொருள் ஒருசொல். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எனப் பல தாய்மொழியினர் ஒரே வகுப்பில் பயிலும் பெங்களூருக் கல்லூரியில், இச்சொல்லை முதலில் ‘நியாயம்’ என்னும் பொருளில் கற்ற மாணவர் நான்காம் வினாவில் அதனைப் பாராட்டாகக் கொள்ள வாய்ப்புண்டு. தமிழாக்கத்தில் இவ்விடர்ப்பாடு தானே நீங்குகிறது. ‘சுமார்’, ‘நியாயம்’ என இரு சொற்கள் தேவைப்படுகின்றன. மொழிபெயர்ப்பு மூலத்தின் குறையை வெளிப்படுத்தும் கருவியாகவும் அமைகிறது என்பதற்கு இது தக்க சான்று.

4. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்கள்

4.1 மனநிறைவும் போதுமானமையும்

ஆங்கில அலுவல் வழக்கில் ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ என்னும் சொல் ‘குறை சொல்ல இயலாத அளவு’ என்பதையே பெரிதும் குறிக்கும். தமிழில் ‘மனநிறைவு’ என்னும் சொல்லில் ‘நிறைவு’ முழுமையைக் குறிக்கிறது. ‘மனநிறைவு தரும் வகையில்’ என மொழிபெயர்த்தால் நடுநிலைச் சொல் உச்சநிலைச் சொல்லாக மாறிவிடும். ‘ஓரளவு மனநிறைவு’ என்பது முழுமையையும் குறையையும் ஒருங்கே கூறி இடர்ப்படுகிறது. விடைச்சொல்லுக்குப் ‘போதுமான அளவில்’ என்பதே பொருந்தும். ஆய்வின் பெயரில் ‘மனநிறைவு’ இருக்கலாம். அளவையில் அச்சொல்லைத் தவிர்த்தல் நலம்.

4.2 பரவாயில்லை

பேச்சுத் தமிழில் நடுநிலையைக் குறிக்கும் இயல்பான சொல் ‘பரவாயில்லை’. கன்னடத்தில் இதற்கு இணையாகப் ‘பரவாகில்ல’ வழங்குகிறது. இரண்டும் பாரசீக வழி வந்த ‘பர்வா’ என்னும் சொல்லுடன் எதிர்மறை சேர்ந்தவை. இதன் பொருள் ஒலிப்பு முறையாலும் சூழலாலும் வேறுபடும். ‘பரவாயில்லையே!’ என்பது எதிர்பார்த்ததை விட நன்று என்னும் வியப்பு. ‘ஏதோ பரவாயில்லை’ என்பது பொறுத்துக்கொள்ளலாம் என்னும் மெலிவு. எழுத்தில் ஒலிப்பு இல்லாமையால் இச்சொல் அளவைக்கு உதவாது. ஆனால் மாணவர் மனத்தில் இச்சொல்லே தோன்றி, பின்னர் அவர் அதனைக் கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றாக மாற்றிக்கொள்கிறார் என்பதை ஆய்வாளர் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

4.3 எதிர்மறை இயைபு

ஆறாம் வினா, ஒப்படைப்புகளில் மாணவரின் செயற்பாடு அவருடன் விவாதிக்கப்பட்டதா எனக் கேட்கிறது. ஆங்கிலத்தில் ஐந்து விடைகளும் வினையடைகளாகவே நிற்கின்றன. தமிழில் ‘ஒவ்வொரு முறையும்’, ‘பெரும்பாலும்’ என்பன அவ்வாறு நிற்கும். ‘ஒருபோதும்’ என்பது எதிர்மறை வினையுடன் இயைந்தே வரும். எனவே இறுதி விடை மட்டும் ‘ஒருபோதும் இல்லை’ என அமைந்து, அளவையின் ஒரு நிலையாக இல்லாமல் ஆம், இல்லை வகை மறுப்பாகத் தோன்றுகிறது. அதனைக் குறிப்பது ஆசிரியருக்கு எதிரான கூற்றாக மாணவருக்குப் படலாம். ஐந்து விடைகளையும் ‘ஒவ்வொரு முறையும் விவாதித்தனர்’, ‘ஒருமுறையும் விவாதிக்கவில்லை’ என முற்றுத்தொடர்களாக எழுதினால் இணையமைப்பு காக்கப்படும். ‘அரிதாக’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. ‘அரிய’ என்பதில் அருமைப் பொருளும் உண்டு. ‘எப்போதேனும் ஒருமுறை’ என்பது வெறும் எண்ணிக்கையை உணர்த்தும்.

4.4 பன்மையும் மரியாதையும்

வினாக்கள் ஆசிரியர்களைப் பன்மையில் குறிக்கின்றன. தமிழில் ‘ஆசிரியர் விளக்கினார்’ என்னும் மரியாதை ஒருமை, மாணவர் மனத்தில் ஒரு குறிப்பிட்ட ஆசிரியரைத் தோற்றுவிக்கும். ‘ஆசிரியர்கள் விளக்கினர்’ என்பதே மூலத்தின் பரப்பைத் தரும். அப்போதும் ‘சில வேளைகளில்’ என்னும் அடை இருபொருள் தரும். ஒவ்வோர் ஆசிரியரும் சில நாள் மட்டும் விளக்கினர் என்பது ஒன்று. சில ஆசிரியர் மட்டும் விளக்கினர் என்பது மற்றொன்று. டேவிட் லூயிஸ் 1975 இல் ஆராய்ந்த அளவை வினையடைகளின் இயல்பு இதுவே. இத்தகைய அடைகள் காலத்தை மட்டுமன்றி எடுத்துக்காட்டுகளையும் எண்ணும். ஆறு ஆசிரியருள் இருவர் மட்டும் நன்கு விளக்கும் துறையும், அறுவரும் இடையிடையே நன்கு விளக்கும் துறையும் ஒரே எண்ணைப் பெறும். இவ்விரு துறைகளுக்கும் தேவையான சீர்திருத்தம் ஒன்றன்று.

4.5 உடன்பாட்டு அளவை

சில வினாக்கள் ஒரு கூற்றைத் தந்து அதனுடன் உடன்பாடா எனக் கேட்கின்றன. நடுவிலுள்ள விடையை ‘கருத்தில்லை’ என மொழிபெயர்ப்பதுண்டு. இது அளவையின் நடுப்புள்ளியைக் குறிக்காது. அளவையிலிருந்து விலகுதலைக் குறிக்கும். அதற்கு 2 என்னும் எண் கொடுத்துக் கூட்டுவது பொருந்தாது. ‘உடன்பாடும் இல்லை, மறுப்பும் இல்லை’ என்பது நீண்டதாயினும் சரியானது. மேலும், இருபதாம் வினாவின் கூற்று கற்பித்தலின் ஒட்டுமொத்தத் தரம் மிக நன்று என்பதாகும். பாராட்டை முன்வைத்து உடன்பாடு கேட்கும் இவ்வமைப்பு இசைவையே வரவழைக்கும்.

5. இருபத்தொன்றாம் வினா

மாணவர் தம் சொற்களில் எழுதும் பகுதியே செறிவான தரவாகும். எண்ணாக்க மிகவும் கடினமானதும் அதுவே. ஆயிரக்கணக்கான கருத்துரைகளைக் கணினி வழி வகைப்படுத்தும்போது பெரும்பாலும் சொற்களின் நேர்மறை, எதிர்மறைச் சாயல் கணக்கிடப்படுகிறது. ‘சார் நடத்துறது புரியலைன்னு சொல்ல முடியாது’ என்னும் தொடரில் இரண்டு எதிர்மறைகள் உள்ளன. பொருள் மெலிந்த பாராட்டு. சொற்களை மட்டும் எண்ணும் நிரல் இதனைக் குறையாகவே பதியும். தமிழை உரோமன் எழுத்தில் எழுதும் வழக்கமும், ஒரு சொல்லைப் பலவாறு எழுத்துக்கூட்டும் வழக்கமும், ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் விகுதி சேர்க்கும் வழக்கமும் இச்சிக்கலை மிகுவிக்கின்றன.

தமிழ், ஆங்கிலம் கலந்த எழுத்தின் உணர்வுச் சாயலை வகைப்படுத்துவதற்கென 2020 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட தரவுத் தொகுப்பு 15,744 கருத்துரைகளைக் கொண்டது. அவை யூடியூபில் திரைப்பட முன்னோட்டங்களுக்கு எழுதப்பட்டவை. அதனைக் கொண்டு பயிற்றப்பட்ட நிரல் இரசிகரின் மொழியை அறியும். ஆசிரியரைப் பற்றி அடக்கத்துடன் எழுதும் மாணவரின் மொழியை அறியும் எனக் கொள்ள முடியாது. ‘இன்னும் கொஞ்சம் மெதுவாக நடத்தினால் நன்றாக இருக்கும்’ என்பதில் குறைச்சொல் எதுவும் இல்லை. ஆயினும் அது குறையே. தமிழில் நிபந்தனை எச்சம் பணிவான குறைகூறலுக்குரிய இலக்கண வடிவம் என்பதைக் கணினிக்கு உணர்த்த வேண்டியவர் மொழியியலாளரே.

6. சட்டமும் மொழியும்

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007 முதல் மாணவரின் மதிப்பெண்ணையும் இணையவழிப் பாடச் செயற்பாட்டையும் கொண்டு சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் குறிகளால் அவர்களை எச்சரிக்கும் முறையைக் கையாண்டது. பிரித்தானியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 2014 இல் மாணவர் தரவைப் பயன்படுத்துவதற்கான ஒழுக்க நெறிக் கொள்கையை வெளியிட்டது. தரவு யாருக்குரியது, அதைப் பற்றி மாணவருக்கு எதைச் சொல்லவேண்டும் என்னும் வினாக்கள் இவற்றால் முன்னின்றன.

இந்தியாவில் 2023 ஆம் ஆண்டின் மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் மொழிக்கு வெளிப்படையான இடம் தருகிறது. தரவைக் கேட்பதற்கான அறிவிப்பையும் இசைவு வேண்டுதலையும் ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவுக்குரியவருக்கு அளித்தல் வேண்டும். இசைவு வேண்டுதல் தெளிவான எளிய நடையில் இருத்தல் வேண்டும். இச்சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வரும்வகையில் அமைக்கப்பட்டுள்ளன. எனினும் இவ்விதிமுறை இசைவைக் கேட்கும் மொழியைப் பற்றியது. வினாவைக் கேட்கும் மொழியைப் பற்றியதன்று. தம் மொழியில் இசைவு தந்த மாணவர் பிற மொழியின் அளவைச் சொற்களில் விடை தரும் நிலை சட்டத்திற்கு மாறானதாகாது. இவ்விடைவெளியை நிரப்புவது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பாகிறது.

7. கையாளத்தக்க நெறிகள்

7.1 ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970 இல் விளக்கிய மறுமொழிபெயர்ப்பு முறை முதற்படியாகும். தமிழாக்கத்தை மூலம் அறியாத ஒருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து, இரண்டையும் ஒப்பிடுவது அம்முறை. ஆனால் ‘ஒருபோதும் இல்லை’ என்பது மறுமொழிபெயர்ப்பில் பிழையின்றித் திரும்பிவரும். மேலே சுட்டிய இணையமைப்புக் குறை அதில் தென்படாது. எனவே இம்முறை தேவையானது, போதுமானதன்று.

7.2 விடைச்சொற்களைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, மாணவர் சிலரிடம் மேலிருந்து கீழாக அடுக்கச் சொல்லலாம். அடுக்கு வரிசையில் மாணவர் வேறுபட்டால் அவ்வளவை பயன்படாது. வினாநிரலை அனுப்புமுன் ஒரு பிற்பகலில் செய்யத்தக்க சோதனை இது.

7.3 ஓர் அளவையில் ஒரு பண்பு மட்டுமே இருத்தல் வேண்டும். எத்தனை முறை என்பதும் எவ்வளவு தரம் என்பதும் தனித்தனி வினாக்களாதல் வேண்டும்.

7.4 இயலுமிடங்களில் சொல்லுக்குப் பதிலாக எண்ணையே விடையாகத் தரலாம். இதற்கான முன்மாதிரி அதே வினாநிரலில் உள்ளது. முதல் வினாவில் பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தப்பட்டது என்பதற்கு 85 முதல் 100 விழுக்காடு, 70 முதல் 84 விழுக்காடு என விடைகள் உள்ளன. இவ்வினா எந்த மொழியில் பெயர்க்கப்பட்டாலும் அளவை மாறாது. ‘கடைசியாக எழுதிய ஐந்து ஒப்படைப்புகளில் எத்தனை உங்களுடன் விவாதிக்கப்பட்டன?’ என ஆறாம் வினாவையும் இவ்வாறே அமைக்கலாம்.

7.5 முடிவுகளைச் சராசரியாக மட்டும் வெளியிடாமல் ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் தேர்ந்தெடுத்தனர் என்னும் பரவலுடன் வெளியிடுதல் வேண்டும். 50 பேர் 4 எனவும் 50 பேர் 0 எனவும் குறித்த வகுப்பும், 100 பேரும் 2 எனக் குறித்த வகுப்பும் சராசரியில் ஒன்றே. எந்த மொழிவடிவில் விடை பெறப்பட்டது என்பதையும் பதிந்தால் மொழிவடிவங்களுக்கிடையே முறையான வேறுபாடு உண்டா என ஆராய இயலும்.

8. முடிவுரை

மாணவர் தரவு என வழங்குவதில் ஒரு பகுதி வருகைப்பதிவு, மதிப்பெண் போன்று எண்ணாகவே பிறப்பது. மற்றொரு பகுதி சொல்லாகப் பிறந்து எண்ணாக்கப்படுவது. பின்னதன் நம்பகத்தன்மை அளவைச் சொற்களின் பொருண்மையைச் சார்ந்தது. மேலே ஆராயப்பட்ட வினாநிரலில் காணப்படும் இடர்ப்பாடுகளுள் சில மூலத்திலேயே உள்ளவை. சில தமிழின் இலக்கண அமைப்பால் எழுபவை. முதல்வகையை மொழிபெயர்ப்பாளர் சுட்டிக்காட்டித் திருத்தச் செய்தல் வேண்டும். இரண்டாம் வகையைத் தாமே தீர்த்தல் வேண்டும். வினாநிரல் முடிவான பின்னர் மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் இன்றைய வழக்கத்தில் முதற்பணிக்கு இடமில்லை. வினாக்களை ஆக்கும் குழுவிலேயே மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் இடம்பெறுவார்களாயின், மாணவர் கூற நினைத்ததும் தரவாகப் பதிவாவதும் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு மிகும்.